நாச்சம்மா காட்டு அவரைக்கு மொட்டை

வண்டு தின்னுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க மாப்ள, எனக்குக் கோவம் வந்துரும். வண்டு தின்னா எலயில ஓட்டை இருக்கும், ஓரத்துல கடிச்ச தடம் இருக்கும், கீழ எச்சம் கெடக்கும். நாச்சம்மா காட்டுல அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. எலயெல்லாம் காம்போட கழண்டு, கீழ எறங்கி, அந்தக் காம்பையே காலா ஊனிக்கிட்டு, வரப்பு மேல வரிசையா நின்னு, பழனிக்கு நடந்து போச்சு. நீங்க உரக்கடையில வேல பாக்குறவரு, உங்க கடை பாட்டில்ல எல்லாம் வண்டு படந்தான் போட்டிருக்கும், எல நடந்து போற படம் போட்டிருக்காது, அதுக்கு நான் என்ன பண்றது? என் பேத்தியக் கட்டுன பாவத்துக்கு முழுசாக் கேளுங்க, அப்பறமாச் சிரிங்க.

நாச்சம்மா என் சின்ன மாமியாரோட ஓரகத்தி மக. புருசன் போய்ச் சேந்தப்பறம் அந்த ஒண்ணேகால் ஏக்கர் காடுதான் அவளுக்கு. அதையும் புடுங்கிக்கிட்டுப் போக ஒருத்தன் நின்னான், அவ கொழுந்தன் சென்னியப்பன். அவனுக்கு அந்தக் காட்டுல பிராய்லர் கோழிப்பண்ணை போடணும். கோழி வர்றதுக்கு முன்னாடியே, கொட்டாய் போடறதுக்கு முன்னாடியே, ஏன், எடமே கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, கோழிக்குத் தண்ணி வெக்கிற செவப்புக் கிண்ணத்த மூட்டையா வாங்கி வீட்டுல அடுக்கி வெச்சுட்டான். அவன் பொண்டாட்டி வடிவு பாத்தா, எத்தன நாளைக்குச் சும்மா கெடக்கும்னு ஒண்ணுல ஊறுகா போட்டா, ஒண்ணுல உப்பு போட்டா, விருந்தாளி வந்தா அதுலயே மோரும் குடுத்தா. அவங்க வீட்டுல மோர் குடிச்சவன் எல்லாம் கழுத்தக் குனிஞ்சு கோழி மாதிரிதான் குடிக்கணும். நானும் குடிச்சிருக்கேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஊர்த்தலைவர் மாரப்பன் முன்னாடி பேச்சாச்சு. "பொம்பள தனியா ஒரு வெள்ளாமய எடுத்துக் காட்டட்டும், காடு அவளுக்கே இருக்கட்டும். களை ஏறிப் பயிரு மூடிருச்சுன்னா காடு எனக்கு"ன்னான் சென்னியப்பன். நாச்சம்மாவும், "சரிங்க கொழுந்தனாரே, அதுவரைக்கும் கோழிக்கெல்லாம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க"ன்னுட்டு வந்துட்டா. வந்தவ நேரா அவ பொறந்த ஊரு கள்ளிப்பாறைக்குப் போயி, அவ அண்ணன் காளிங்கன் வீட்டுல அடுப்புச் சாம்பல் போட்டு வெச்சிருந்த செடியவர வெதய வாங்கிட்டு வந்து மார்கழியில ஊனுனா.

செடியவரயப் பத்தி உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா உங்களுக்கு அது மூட்டை மேல போட்ட பேராத் தெரியும், எங்களுக்கு மொகத்தப் பாத்துத் தெரியும். அது மொளச்சு எல விட்டு, பக்கத்துச் செடியோட எலயத் தொட்டு, அந்தச் செடி அடுத்த சாலு, அதான் அடுத்த வரிசை, எலயத் தொட்டுருச்சுன்னு வெச்சுக்கங்க, காட்டுக்குள்ள பந்தல் போட்ட மாதிரி ஆயிரும். அப்பறம் கீழ கெடக்குற களை வெதைக்கெல்லாம் பொழுது விடிஞ்சதே தெரியாது, போத்திக்கிட்டுத் தூங்கும். ஆனா எல தொடறதுக்கு முன்னாடி இருக்குற கொஞ்ச நாளு இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. பயிரும் சின்னது, களையும் சின்னது, ரெண்டும் வெயிலுக்கு அடிச்சுக்கும். பயிருக்கு எல தெம்பா இருந்தா நாமளும் கொஞ்சம் ஆறப்போட்டுக் களை எடுக்கலாம், அதுவே சமாளிச்சுக்கும்.

அந்தச் சமயத்துலதான் எல பழனிக்குப் போச்சு.

தைப்பூசத்துக்கு ஆளுக நடந்து போற நேரம். ரோடு பூரா பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, பச்சைச் சேலை. விடியக்காத்தால நாச்சம்மா காட்டுக்குப் போறா, எலயெல்லாம் வரப்புல நிக்கிது. ஒண்ணும் சத்தம் போடல. முன்னாடி நின்னது லேசா ஆடுச்சு, பின்னாடி நின்னதெல்லாம் ஆடுச்சு, அப்பறம் நடக்க ஆரம்பிச்சுருச்சு. முள்வேலியத் தாண்டி, மண் தடத்துல எறங்கி, தார் ரோட்டுல ஏறி, பச்சை வேட்டிக் கூட்டத்துக்குள்ள கலந்துருச்சு. பச்சையோட பச்சை, யாரு பிரிச்சுப் பாக்குறது? அன்னதானப் பந்தல்ல நீர்மோர் ஊத்துறவங்க அதுக்கும் ஊத்துனாங்க. காலு வலிக்கிறவங்களுக்குத் தைலம் தடவுற பையன் ஒரு எலைக்குக் காம்புல தைலம் தடவி விட்டானாம், "நீங்க எந்த ஊருங்க"ன்னு கேட்டானாம், அது பதில் சொல்லலயாம், மௌன விரதம் போலன்னு விட்டுட்டானாம்.

மொதல்ல விட்ட அடியெல இருக்கு பாருங்க, தடிச்சு, மஞ்சளாகி, வயசான எல, அதுகளால நடக்க முடியல. அதுக பஸ் ஏறிருச்சு. கண்டக்டரு ரத்தினசாமி நல்ல மனுசன்தான், ஆனா டிக்கெட்டு விசயத்துல அவங்கப்பனுக்கே தள்ளுபடி குடுக்க மாட்டான். ஒரு தடவ அவன் கல்யாணத்துக்கே அவன் பஸ்ஸுலதான் போனான், மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாருக்கும் டிக்கெட்டுக் கிழிச்சான், பொண்ணுக்கும் கிழிச்சான், அந்தப் புள்ள இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லித் திட்டுது. அப்பேர்ப்பட்டவன் எலயச் சும்மா விடுவானா? ஆளா, சாமானான்னு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, லக்கேஜுன்னு போட்டு ஒரு டிக்கெட்டக் கிழிச்சு அதுக மேலயே வெச்சான். சீட்டுல உக்காந்ததால லக்கேஜு எந்திரிங்கன்னு வேற சொன்னானாம்.

பழனிக்குப் போயிட்டு வந்த நம்மூரு ஆளுகதான் வந்து சொன்னாங்க, மொட்டை போடற வரிசையில உங்க காட்டு எல நிக்கிது நாச்சம்மான்னு. அத்தோட ஊருக்கு வெளங்கிருச்சு. பயிரு நேந்துக்கிச்சு, மொட்டை குடுத்துருச்சு. எதுக்கு நேந்துக்கிச்சுன்னு யாரும் கேக்கல. நாம நேந்துக்கிட்டா ஊருக்குச் சொல்லிட்டா செய்யிறோம்?

காட்டுக்கு வந்து பாத்தா, வெறும் தண்டு. குச்சி குச்சியா, சாலு சாலா, மொழு மொழுன்னு மொட்டை. பாத்ததும் மாரப்பன் செருப்பக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "நாச்சம்மா, ஒன் பயிரு ஒன்ன விடப் பக்தியானதும்மா"ன்னாரு. பொம்பளைக எல்லாம் ஓடிப் போயி சந்தனம் அரைச்சாங்க. மொட்டை போட்டா சந்தனம் தடவணும்ல? ஊருல இருந்த சந்தனக்கட்டை பூராத் தேஞ்சு போச்சு, பத்தாததுக்கு மஞ்சளக் கலந்து, ஒவ்வொரு தண்டு உச்சியிலயும் ஒரு பொட்டு. காடே கமகமன்னு மணக்குது. எளவட்டப் பசங்க ஃப்ளெக்ஸ் போர்டு வெச்சுட்டானுக, 'மொட்டை கண்ட அவரைச் செல்வங்களை வாழ்த்துகிறோம்'னு, கீழ அவனுக மொகம் வரிசையா கூலிங் கிளாஸோட, ஒரு ஓரத்துல அவரத் தண்டு, அது மட்டும் கூலிங் கிளாஸு போடல.

காது குத்தறதும் ஒண்ணாச் செஞ்சுரலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. அவரைக்குக் காது எங்கன்னு பாதி நாளு பேசி, எல்லாம் ஒரு முடிவுக்கு வராமக் கலஞ்சாங்க.

இதுல சந்தோசப்படாதவ நாச்சம்மா ஒருத்திதான். அவ தண்டப் பாக்கல, தரையப் பாத்தா. எல போனதும் தரையெல்லாம் பளிச்சுன்னு வெயிலு. அது வரைக்கும் தூங்கிட்டிருந்த பண்ணக்கீரை, தொய்யக்கீரை, சாணிப்பூடு, கோரை எல்லாம், யாரு கதவத் தொறந்ததுன்னு கேக்குற மாதிரி எந்திரிச்சு நிக்கிது. காலையில பாத்தப்ப கொண்டைக்கடல உசரம், சாயங்காலம் சுண்டு வெரல் உசரம். களை ஒண்ணும் நேந்துக்கல மாப்ள, அதுக்கு மொட்டையும் இல்ல விரதமும் இல்ல, அது பாட்டுக்கு முடி வளத்துக்கிட்டு நிக்கிது.

நாச்சம்மா ஊர்க் கூட்டத்துல போயி நின்னா. "எனக்கு இப்பவே களை எடுக்கணும். இந்த வாரமே எடுக்கணும்."

எங்க ஊருல களையெடுப்புன்னா கைமாத்துதான். இன்னிக்கு எல்லாரும் உன் காட்டுல, நாளைக்கு எல்லாரும் என் காட்டுல. முந்தி வெதச்சவளுக்கு முந்தி, பிந்தி வெதச்சவளுக்குப் பிந்தி. நாச்சம்மா கடேசியா வெதச்சவ.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல தாயி? எப்பவும் மூணாவது வாரந்தானே எடுப்போம்"ன்னாரு மாரப்பன்.

"எல இருந்தா மூணாவது வாரம் வரைக்கும் பொறுக்கலாங்கண்ணே. எல இல்லாத பயிரு எதை வெச்சு மறைக்கும்? மத்தவங்க பயிரு குடையோட நிக்கிது, என் பயிரு அம்மணமா நிக்கிது. ரெண்டுக்கும் ஒரே தேதியா?"

அப்பத்தான் சென்னியப்பன் எந்திரிச்சான். அவன் அன்னைக்குப் பேசுன பக்திய நீங்க கேட்டிருக்கணும். "அண்ணி, மொட்டை போட்ட தலையில உடனே மறுபடி கத்தி படலாமா? களைக்கொத்து இரும்பாச்சே. புதுசா எல வந்து மறைக்கிற வரைக்கும் அந்தக் காட்டுல இரும்பு படக்கூடாது. சாமி காரியம். நான் எனக்காகச் சொல்லல."

ஊரே ஆமா ஆமான்னு தலைய ஆட்டுச்சு. நானுந்தான் ஆட்டுனேன், எனக்கென்ன தெரியும், எல்லாரும் ஆட்டுனாங்க ஆட்டுனேன். எல வர்ற வரைக்கும் களை எடுக்கக் கூடாது, களை எடுக்காம எல வந்தாலும் நிக்காது. சென்னியப்பன் அன்னைக்கே போயி கோழிக்கொட்டாய்க்கு ஓடு பாத்துட்டு வந்துட்டான்.

நாச்சம்மா ரெண்டு நாளு காட்டையே சுத்திச் சுத்தி வந்தா. மூணாம் நாளு மாரப்பன் வீட்டு வாசல்ல போயி நின்னா.

"அண்ணே, மொட்டைன்னா முழுசாச் செய்யணும். பாதியில விட்டா சாமி குத்தம்."

"இன்னும் என்னம்மா பாக்கி?"

"தாய்மாமன் மடியில வெக்கலயே."

மாரப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆமால்ல, தாய்மாமன் மடியில வெக்காம மொட்டையா? அதுல எங்க சனங்க எவ்வளவு கறார்னு உங்களுக்குத் தெரியாது. எங்க பெரியப்பா பேரனுக்கு மொட்டை போட்டப்ப, பெரிய மாமனும் சின்ன மாமனும் பேச்சுவார்த்த இல்லாதவங்க, ரெண்டு பேரும் என் மடிதான்னு நின்னாங்க. கடேசியில ஆளுக்கொரு தொடைன்னு ஒட்டி உக்கார வெச்சு நடுவுல புள்ளய வெச்சாங்க. பாதி மொட்டையில பெரியவரு தும்முனாரு, சின்னவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சாரு, புள்ள நடுவுல பொத்துன்னு விழுந்துச்சு. பாதி மொட்டையோட அந்தப் பய பந்தலச் சுத்தி ஓடுனான், எல்லாரும் பின்னாடி ஓடுனோம். இப்ப அவன் பேங்குல மேனேஜரு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், மாமன். அவரைக்கு மாமன் யாரு? வெத எந்த வீட்டுல இருந்து வந்துச்சோ அந்த வீட்டு ஆளுதான் மாமன். இதுல ஊருக்குச் சந்தேகமே இல்ல. கள்ளிப்பாறை காளிங்கனுக்குச் சொல்லி விட்டாச்சு. அவன் நல்லவன், மானஸ்தன். மாமன் சீரு கேட்டு வந்துட்டாங்கன்னதும், அவரைக்கு என்ன சீரு செய்யிறதுன்னு தெரியாம, கடலப் புண்ணாக்கு மூட்டைக்கு மஞ்சத் துணி கட்டி, தட்டுல தேங்கா பழம் வெச்சு, பங்காளி, பொண்டாட்டி, புள்ளைக, அக்கம்பக்கம்னு எல்லாரையும் டெம்போவுல ஏத்தி, மேளத்தோட வந்து எறங்குனான்.

காட்டுக்கு வந்து, வரப்போரத்துல ஒரு செடி முன்னாடி துண்ட விரிச்சு உக்காந்தான். "சரி தங்கச்சி, இத மடியில வெச்சாச்சு. சாப்பாடு எங்க?"

நாச்சம்மா இடுப்புல கை வெச்சா. "ஏண்ணே, இது ஒண்ணுதான் ஒனக்கு மருமகனா? மத்ததெல்லாம் நான் ரோட்டுல இருந்து எடுத்ததா?"

காளிங்கன் காட்டப் பாத்தான். சாலு சாலாப் போகுது. "இத்தனயுமா?"

"வந்திருக்குறவங்க எல்லாரும் மாமன் மொறதானே? பொம்பளைக எல்லாம் அத்தை. உக்காருங்க. ஒரு புள்ளயும் மாமன் மடி பாக்காம இருக்கக் கூடாது, பொறந்த வீட்டுக்கு அது கேவலம்."

பொறந்த வீட்டுக்குக் கேவலம்னு சொன்னப்பறம் கள்ளிப்பாறைக்காரன் நிப்பானா? எல்லாரும் எறங்கிட்டாங்க. உக்காந்தாத்தானே தெரியுது, களை முட்டுது. ஒருத்தன் துள்ளிக் குதிச்சான். "ஐயோ, கோரை குத்துதுங்க!"

"அப்பப் புடுங்கிட்டு உக்காருங்க மாமா" அப்படின்னா நாச்சம்மா, மோரு கலக்கிக்கிட்டே, அந்தப் பக்கம் திரும்பாமயே.

புடுங்குனாங்க. செடியச் சுத்தி மடி அளவுக்குப் புடுங்கி, சம்மணம் போட்டு உக்காந்து, தண்ட மடி நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் கையால அணச்சு, மேளக்காரரு ஒரு சுத்து வாசிச்சதும் எந்திரிச்சு அடுத்த செடி. அங்கயும் புடுங்கி, உக்காந்து, அணச்சு, மேளம், எந்திரிச்சு அடுத்தது. காடு பூரா மாமனுக மொளச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பெருசு உக்காந்த எடத்துலயே தூங்கிருச்சு, மடியில செடியோட. அவங்க அக்கா வந்து, "மருமகன நசுக்கிராதடா"ன்னு தலையில தட்டி எழுப்புனாங்க.

சென்னியப்பன் வரப்பு மேல குடையப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னான். பாத்ததும் வெளங்கிருச்சு அவனுக்கு. "ஏய், நிறுத்துங்க! களை எடுக்கக் கூடாதுன்னு பேசியிருக்குல்ல?"

நாச்சம்மா நிமிந்தா. "இரும்பு படக்கூடாதுன்னுதான் நீங்க சொன்னீங்க கொழுந்தனாரே. யாரு கையிலயாவது இரும்பு இருக்கா, பாத்துச் சொல்லுங்க. களை எடுக்கல, புள்ளைக்கு எடம் பண்றாங்க."

அவன் மாரப்பனப் பாத்தான். மாரப்பன் எங்க அவனப் பாக்குறது, அவரு ஏற்கெனவே எட்டாவது சால்ல உக்காந்திருக்காரு, "எனக்கும் மருமகன் மொற ஆகுது"ன்னு. அதுக்கு மேல வந்துச்சு பாருங்க அவனுக்கு. அவன் பொண்டாட்டி வடிவு சேலய இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்குறா.

"நீ எங்கடி போற?"

"நானும் கள்ளிப்பாறைக்காரிதாங்க. எனக்கும் மருமகன். நீங்க சித்தப்பன், உங்களுக்கு மடி மொற கெடையாது, நின்னு பாருங்க."

பொழுது சாயறதுக்குள்ள காடு சுத்தம். ஒரு கோரைக் கெழங்கு கூட விடல. புடுங்குன களைய மேட்டுல குமிச்சாங்க, ஊரு ஆடெல்லாம் வந்து விருந்து சாப்புட்டுச்சு. மாமன் வீட்டாளுக எல்லாரும் இடுப்பப் புடிச்சுக்கிட்டு டெம்போ ஏறுனாங்க. காளிங்கன் மட்டும் போறப்ப, "தங்கச்சி, இந்த மாதிரி ஒரு மொட்டை நான் பாத்ததில்ல, அடுத்து காது குத்துக்கு மட்டும் என்னயக் கூப்புடாத"ன்னுட்டுப் போனான்.

அப்பறம் என்ன, போட்டிக்கு ஆளில்லாத எடத்துல வெயிலு பூரா அவரைக்கே. கணுவுக்குக் கணு துளுத்துச்சு. மத்தவங்க காட்டு அவரைய விட நாலு நாளு பிந்தித்தான், ஆனா எல எலயத் தொட்டு, சாலு சாலத் தொட்டு, பந்தலு மூடிருச்சு. மிச்ச மீதி களை மண்ணுக்குள்ள இருந்து எட்டிப் பாத்துச்சு, இருட்டா இருந்துச்சு, தூங்கிருச்சு.

பழனிக்குப் போன எலயெல்லாம் அதுக்கப்பறம்தான் திரும்பி வந்துச்சு, ரத்தினசாமி பஸ்ஸுலயே, பஞ்சாமிர்தம் ஒட்டிக்கிட்டு. காட்டுக்கு வந்து பாத்தா அவங்கவங்க எடத்துல புது எல உக்காந்திருக்கு. சண்டை ஒண்ணும் போடல. கொஞ்ச நேரம் வரப்புல நின்னு பாத்துச்சு, ஊரு ஆளுக சங்கடப்பட்டு, வீட்டுக்கு வாங்கன்னு கூப்புட்டாங்க, வரல. பஸ் ஸ்டாப்புல பட்டுப்போயி நின்ன வாகை மரத்துல போயி ஏறி உக்காந்துக்கிச்சு. இன்னிக்கும் அந்த மரம் வாகை, எல அவரை. வெளியூருக்காரன் எவனாவது இது என்ன மரம்னு கேட்டா, நம்மாளுக நெழலு வருதுல்ல, உக்காருன்னுடுவாங்க.

சென்னியப்பன் விட்டானான்னு கேக்குறீங்களா? காய் எறங்குற நேரத்துல, காட்ட அளக்கறதுக்கு டேப்பும் எடுத்துக்கிட்டு மாரப்பனையும் கூட்டிட்டு வந்தான், களை இருக்குன்னு காட்டறதுக்கு. எலைக்குள்ள கைய விட்டான், காய் வந்துச்சு. இன்னொரு எடத்துல விட்டான், காய் வந்துச்சு. குனிஞ்சு குனிஞ்சு போனவன் மறு வரப்புல எந்திரிச்சப்ப கை நெறைய அவரைக்கா, களைன்னு ஒரு பில்லு கெடையாது. மாரப்பன் கேட்டாரு, "என்ன சென்னியப்பா, காடு யாருக்கு?"

அவன் அவரைக்காயக் கீழ போடவும் முடியாம, வெச்சுக்கவும் முடியாம நின்னான். "அண்ணிக்குத்தான்"னான். நாச்சம்மா முந்தானய விரிச்சா, "அதுல பாதி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, வடிவு கேட்டா"ன்னா. கோழிப்பண்ணை அவன் மச்சினன் எடத்துல போட்டான், நல்லாத்தான் ஓடுச்சு, கிண்ணம் மட்டும் புதுசா வாங்க வேண்டியதாப் போச்சு.

சிரிச்சாச்சா மாப்ள? சிரிங்க, நல்லாச் சிரிங்க. நான் எதுக்கு இவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனேன்னு நெனைக்கிறீங்க? முந்தாநாள் காலையில இருந்து நம்ம கெணத்து மேட்டு அவரையும் மொட்டையாத்தான் நிக்கிது. வண்டோ, பழனியோ, போனது போயிருச்சு. நீங்க, வர்ற மாசம் களை எடுத்துக்கலாம் மாமா, அதுவே துளுத்துக்கும்னு சாப்புடறப்ப என் மகன்கிட்ட சொல்றது என் காதுல விழுந்துச்சு. வர்ற மாசம் அங்க அவரை இருக்காது மாப்ள, கோரைதான் இருக்கும். அந்த வெத உங்க கடையில இருந்து, உங்க கையால வந்த வெத. அப்ப மாமன் யாரு? மொகத்த அப்பிடி வெச்சுக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும், மோரு நான் கொண்டாந்து தர்றேன். ஆனா இந்தப் பேண்ட்டப் போட்டுக்கிட்டுச் சம்மணம் போட முடியாதே, கிழிஞ்சுரும். அடியே செல்வராணி! கொடியில உங்கப்பன் கைலி காயிது பாரு, உன் புருசனுக்கு அத உள்ள எடுத்துட்டு வா!